மக்களே ஆன்ட்டியின் கைகள்

அவளை நினைத்தால் முகத்துக்கு முன்னால் எனக்குக் கைதான் ஞாபகம் வரும். முதுகுக்குப் பின்னால், வலது கை இடது மணிக்கட்டைப் பிடித்தபடி, பரீட்சை ஹாலில் சுற்றி வருகிற வாத்தியார் மாதிரி கட்டியிருக்கும் கை. பிள்ளைகள் ஏதாவது செய்துகொண்டிருந்தால் அவள் அப்படித்தான் நிற்பாள். தேன் மேடையில் வழியும், பிரெட் தூள் தலையில் ஏறும், ஒருத்தன் கிராம்பை மூக்கில் விட்டுப் பார்ப்பான். மூக்குக்கு மட்டும் அவள் குரல் வரும். கை வராது.

டெல்லி துவாரகாவில் எங்கள் அடுக்குமாடிச் சொசைட்டியில் நாலாவது மாடியில் எங்களுக்கு எதிர் வீடு. நாகர்கோவில் பக்கத்துக்காரி. ஏர்போர்ட்டில் வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிற இடத்தில் வேலை. தனியாகத்தான் இருந்தாள். "கல்யாணம்?" என்று லிஃப்டில் யாராவது கேட்டால் "ஆவல" என்பாள். அடுத்த கேள்வி வருவதற்குள் லிஃப்ட் நின்றுவிடும்.

ஒரு பிள்ளை நின்றாலும், பத்துப் பிள்ளைகள் நின்றாலும் "மக்களே" என்றுதான் கூப்பிடுவாள். "மக்களே, லிஃப்டு கதவுல சாயாண்டாம்." "மக்களே, செருப்ப மாத்திப் போட்டுருக்க." சொசைட்டியில் பாதிக்கு மேல் பஞ்சாபி, பீகாரிக் குடும்பங்கள். அந்தப் பிள்ளைகள் மக்களே ஆன்ட்டி என்று அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கீழே செக்யூரிட்டி பையா கூட பார்சல் வந்தால் "மக்லே மேடம் கா ஹை" என்று இண்டர்காமில் சொல்வார். அவளுடைய சொந்தப் பெயரை நானும் இங்கே எழுதப் போவதில்லை. அவள் கொச்சிக்கு மாற்றலாகிப் போய் ஆறு வருஷம் ஆகிறது. இந்தக் கதையை எழுதட்டுமா என்று போனில் கேட்டதற்கு, "எழுதுங்க அக்கா, பேர மட்டும் போடாண்டாம், ஆபீஸ்ல சிரிப்பாளுவ" என்றாள்.

என் கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் பத்தாவது வரை படித்தவள். கல்யாணமாகி திண்டுக்கல்லில் இருந்து நேராக டெல்லி. காலையில் விளக்கேற்றி முருகனுக்கு ஒரு பூ வைக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். ஆனால் அந்தப் பூவை வைக்கும்போதே படம் ஒரு நூல் சாய்ந்திருந்தால் கை தானாகப் போய் அதை நேராக்கும். சாய்ந்ததைக் கண்டால் எனக்கு ஆகாது. அதை நல்ல குணம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகள் வள்ளிக்கு அப்போது பத்து வயசு. மார்கழியில் வாசலில் புள்ளி வைப்பாள். அவள் உள்ளே போனதும் நான் துடைத்துவிட்டு நேராகப் போடுவேன். அவள் தலை பின்னினால் அவிழ்த்துப் பின்னுவேன். ஸ்கூல் ப்ராஜெக்ட் என்றால் கேட்கவே வேண்டாம். நாலாம் வகுப்பில் தெர்மகோலில் செங்கோட்டை செய்து வரச் சொன்னார்கள். அவள் ஒரு வளைவு வெட்டினாள், அது கோணலாகப் போனது. "தள்ளுடி, நான் வெட்டுறேன்" என்று உட்கார்ந்தேன். கோட்டையை நான் கட்டி, கொடியையும் நானே நட்டுக் கொடுத்தேன். எனக்கே பெருமையாக இருந்தது.

க்ளாஸ் டீச்சர் கோட்டையைப் பார்த்துவிட்டு, இன்னொரு தெர்மகோல் துண்டைக் கொடுத்து, "இதே மாதிரி ஒரு வளைவு வெட்டிக் காட்டு" என்றிருக்கிறார். வள்ளி கத்தரியைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அவ்வளவுதான். டைரியில் சிவப்பு மையில் இந்தியில் எழுதி வந்தது: 'இது அம்மா செய்தது.' அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்கு "மம்மி மேட்" என்று பெயர். பென்சில் சீவினால்கூட, "மம்மி சீவிக் கொடுத்தாங்களா?" என்று கேட்பார்களாம்.

அதற்குப் பிறகு வள்ளி கையால் எதையும் தொடுவதில்லை. கோலப்பொடி டப்பாவை நீட்டினால் "நீயே போடு" என்பாள். எனக்கு அது உறைக்கவில்லை. பெரிய பெண்ணாகிறாள், கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தாம் வகுப்பில், டிசம்பர் லீவுக்கு முன்னால் ஸ்கூலில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். பழைய காலத்துச் சாப்பாடு என்பது தலைப்பு. ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒன்றை எல்லார் முன்னாலும் செய்து காட்டிப் பேச வேண்டும். அதே டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "இந்தத் தடவை என் கண் முன்னால் செய்யணும். வீட்டில் இருந்து செய்து கொண்டுவந்தால் வாங்க மாட்டேன்" என்று சொல்லி அனுப்பினார். வீட்டுக்கு வந்து சொன்னதும் வள்ளி காலண்டரைப் பார்த்தாள்.

"அன்னிக்கு எனக்கு ஜொரம் வரும்" என்றாள்.

"பதினெட்டு நாள் கழிச்சு வர்ற ஜொரம் இப்பவே தெரியுமாடி?"

"தெரியும்."

அந்த வாரம்தான் எதிர் வீட்டுக்காரி எங்கள் வீட்டு மணியை அடித்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழம வள்ளிய எனக்க வீட்டுக்கு அனுப்புவேளா? பிள்ளையள வச்சு கிறிஸ்மசுக்கு ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன். ஜிஞ்சர்பிரெட்டுன்னு, இஞ்சி ரொட்டி."

நான் கார்த்திகை விரதத்தில் இருந்தேன். தயக்கம் முகத்தில் தெரிந்திருக்கும்.

"முட்டை போடுவீங்களே" என்றேன்.

"இல்லக்கா. இது இப்பம் கடையில விக்கப்பட்ட பிஸ்கோத்து இல்ல. பல நூறு வருசத்துக்கு முந்தி வெள்ளக்காரன் ஊர்ல செஞ்ச மொற. முட்டை இல்ல, வெண்ணெ இல்ல, ஓவனுக்குள்ள வச்சு சுடவும் வேண்டாம். தேனக் காச்சி, காஞ்ச ரொட்டித் தூளப் போட்டு, சுக்கு, மொளகு, பட்டை, கிராம்பு. கொஞ்சம் குங்குமப்பூ. கிண்டி எடுத்து அச்சுல அமுக்குறது. அவ்வளவுதான்." கம்ப்யூட்டரில் இருந்து எடுத்த ஒரு தாளைக் காட்டினாள். "செவப்புக்குச் சந்தனக் கட்டையும் போடுவாங்களாம். அத நாம விட்டுருவோம்."

"சந்தனத்தைச் சாப்பிடுவாங்களா?"

"நீங்க நெத்தியில வையுங்க. அவிய வயித்துல வச்சிருக்காவ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுக்கு, மிளகு, தேன் என்றதும் வேறொன்றும் தோன்றியது. "இது நம்ம தீபாவளி லேகியமால்ல இருக்கு" என்றேன்.

"அதான் அக்கா. மொளகும் சுக்கும் நம்ம கடக்கரையில இருந்துதான கப்பல் ஏறிப் போச்சு. இன்னைக்கும் நான்தான ஏத்தி அனுப்பிட்டு இருக்கேன்."

முருகனுக்கு ஆகாதது அதில் ஒன்றும் இல்லை. வள்ளியை அனுப்ப ஒப்புக்கொண்டேன். கூடவே நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை.

மூன்று பிள்ளைகள். வள்ளி. மூன்றாவது மாடி டிம்பி, குட்டி சர்தார், தலையில் நீலப் பட்காத் துணி. அப்புறம் ஜைன வீட்டுப் பெண் ரியா. ரியா வீட்டில் பச்சை இஞ்சி சேர்க்க மாட்டார்கள், சுக்கு சேர்ப்பார்கள். தேனும் கூடாது. அதனால் அவளுக்கு மட்டும் தனிச் சட்டியில் வெல்லப் பாகு என்று முன்னாலேயே எடுத்து வைத்திருந்தாள் மக்களே ஆன்ட்டி. இதையெல்லாம் அவள் கேட்டுத் தெரிந்து வைத்திருந்தது எனக்குப் பிடித்தது.

முதல் வேலை பிரெட்டைக் காயவைப்பது. டிசம்பர் வெயில் பால்கனியில் ஒரு மணி நேரம் வந்தால் பெரிசு. புறா வேறு. மூன்று பிள்ளைகளும் மாறி மாறிக் குச்சியோடு காவல் இருந்தார்கள். காய்ந்ததை என் வீட்டுப் பித்தளை உரலில் போட்டு இடித்தார்கள். டிம்பி இடிக்கிற இடியில் பாதித் தூள் உரலுக்கு வெளியே. நான் துடைக்க ஒரு துணியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"அக்கா, இருங்க" என்றாள் அவள். கை பின்னால். "அவனுக்கே தெரியும் பாருங்க."

எனக்கு நம்பிக்கை இல்லை. ஐந்து நிமிஷம் கழித்து டிம்பி உரலைத் தூக்கி ஒரு பெரிய தாம்பாளத்துக்குள் வைத்துக்கொண்டான். தூள் தாம்பாளத்தில் விழுந்தது. அவள் புருவத்தை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தாள்.

அவள் வீட்டில் சட்டம் ஒன்றுதான். "நெருப்பு எனக்க பொறுப்பு. மத்தது பூரா உங்க பொறுப்பு." அடுப்பு எரிகிற நேரத்தில் மட்டும் ஒரு கை முன்னால் வந்து சட்டியின் கைப்பிடியைப் பிடிக்கும். இன்னொரு கை அப்போதும் பின்னால்தான். பிள்ளை ஸ்டூலில் நின்று கிண்டும். "பைய, மக்களே, பைய" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அன்றைக்குச் செய்தது உருப்படவில்லை. தட்டில் கொட்டினால் நிற்காமல் நாலு பக்கமும் ஓடியது. தாளில் தேனைக் காய்ச்சு என்று இருந்தது, எவ்வளவு நேரம் என்று இல்லை. பிள்ளைகள் முகம் தொங்கிவிட்டது.

"அக்கா, இது ஏன் நிக்க மாட்டேங்கு?" என்று மக்களே ஆன்ட்டி என்னைக் கேட்டாள்.

எனக்குத் தேன் பொங்கின முதல் நிமிஷத்திலேயே தெரியும். "பாகு பதம் வரல. இங்க குடு" என்று கரண்டிக்குக் கை நீட்டினேன்.

"நீங்க செய்யாண்டாம். சொல்லுங்க. அவிய செய்யட்டும்."

சொல்வதா? அதிரசத்துக்குப் பாகு பார்க்க யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, என் கைக்கே தெரியும். கை இல்லாமல் எப்படிச் சொல்ல? இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன், அவை எழுந்து போகாமல் இருக்க. "ஒரு டம்ளர்ல பச்சத் தண்ணி எடுத்துக்க. பாகுல ஒரு சொட்டு அதுல விடு. கரைஞ்சா ஆகல. அடியில போய் உக்காந்துச்சுன்னா விரலால உருட்டு. மெத்துன்னு உருண்டா எறக்கிரு. டங்குன்னு டம்ளர்ல சத்தம் கேட்டா போச்சு, கல்லு."

வள்ளி அதை டிம்பிக்கும் ரியாவுக்கும் இந்தியில் சொன்னாள். டம்ளரையும் அவளே எடுத்து வந்தாள். முதல் சொட்டு கரைந்தது. அடுத்ததும் கரைந்தது. நாலாவது சொட்டை விரலில் உருட்டி என்னிடம் காட்டினாள். மெத்தென்ற உருண்டை. ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் தன் கையால் செய்த எதையோ என்னிடம் காட்டினாள் என்பதுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை. 'இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருக்கலாம்' என்றுதான் தோன்றியது.

அடுத்த ஞாயிறு அச்சு வந்தது. துணியில் பூப்போடுகிற மரக்கட்டைகள் டெல்லியில் விற்குமே, அதில் சாயம் படாத புதுக் கட்டை மூன்று வாங்கி, வெந்நீரில் கழுவிக் காயவைத்திருந்தாள். யானை, மயில், மாங்காய். வள்ளி யானையை எடுத்துக்கொண்டாள். நெய் தடவி, இளஞ்சூட்டில் கலவையை அமுக்கித் தட்டினால் உருவம் விழ வேண்டும். மயிலும் மாங்காயும் அழகாக விழுந்தன. யானைக்குத் தும்பிக்கை மட்டும் கட்டையிலேயே ஒட்டிக்கொண்டது. வள்ளி அதை ஊசியால் நெம்பி எடுத்து ஒட்டினாள். கோணல். கிராம்பால் கண் வைத்தாள், அது நெற்றிக்குப் போய்விட்டது. முதுகில் அலங்காரத்துக்கு இரண்டு கறிவேப்பிலை.

பிள்ளைகள் கை கழுவப் போனார்கள். மக்களே ஆன்ட்டிக்கு ஆபீஸில் இருந்து போன். அடுக்களையில் நானும் அந்த யானையும் மட்டும்.

ஒரு நிமிஷம்தான். கத்தி நுனியால் தும்பிக்கையை எடுத்து, நேராக வைத்து, தேன் தொட்டு ஒட்டினேன். ஓரத்தைச் செதுக்கினேன். கண்ணைக் கண் இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்தேன். எனக்கு உள்ளே ஒரு நிம்மதி, படத்தை நேராக்கும்போது வருமே, அதே நிம்மதி.

வள்ளி திரும்பி வந்தாள். பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, போய் ஸ்டூலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள். செங்கோட்டைக்குப் பிறகு ஒரு வருஷம் நான் பார்த்துப் பழகிய அதே முதுகு.

மக்களே ஆன்ட்டி போனை வைத்துவிட்டு வந்தாள். யானையைப் பார்த்தாள், என் கையில் கத்தியைப் பார்த்தாள். என்மேல் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சின்னச் சீட்டுகளில் பெயர் எழுதி ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் வைத்தாள். மயிலுக்கு முன்னால் ரியா. மாங்காய்க்கு முன்னால் டிம்பி. யானைக்கு முன்னால் 'வள்ளி அம்மா'.

"இது அம்மா செஞ்சது. நல்லா இருக்கு" என்றாள். கேலியே இல்லாத குரல். "வள்ளி இன்னும் செய்யல. கலவ இருக்கு. மக்களே, வாறியா?"

டிம்பி மூன்றையும் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி ஃபர்ஸ்ட்" என்று எனக்குப் பரிசு அறிவித்தான். ரியா கை தட்டினாள். அந்தக் கைத்தட்டலைப் போல ஒன்று என் வாழ்நாளில் என்னைச் சுட்டதில்லை. விளக்கேற்ற நேரமாச்சு என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சுவாமி முன்னால் உட்கார்ந்தால் படம் சாய்ந்திருந்தது. கை எழுந்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு, "முருகா, இந்தக் கையை நீதான் பிடிச்சுக்கணும். என்னால ஆகல" என்று சொல்லிவிட்டு அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து மக்களே ஆன்ட்டியே வந்தாள், உரலைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில்.

"வருத்தமா அக்கா?"

"எம் மேலதான்."

தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "எனக்க சோலி என்னன்னு நெனச்சிய? தப்பு கண்டுபிடிக்கிறது. பொட்டி பொட்டியா வரும். லேபிள் சாஞ்சிருக்கா, சீலு சரியா, எழுத்து மாறி இருக்கா. நாள் முழுக்க அதான். வீட்டுக்கு வந்தாலும் கை நிக்காது. அக்காக்க மகன் ஒருத்தன், நாலு வயசு, வீடு வரைஞ்சு எனக்குக் காட்டினான். நான் கதவ நேராக்கிக் குடுத்தேன். அதுக்கு அப்புறம் அவன் எனக்கு எதையும் காட்டினதே இல்ல. இப்பம் காலேஜு போறான்." கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "ஒங்களுக்குக் கெட்ட கை, எனக்கு நல்ல கைன்னு இல்லக்கா. எனக்க கையையும்தான் கெட்டி வச்சிருக்கேன்."

அவள் தன்னைப் பற்றி என்னிடம் இவ்வளவு பேசியது அந்த ஒரு தடவைதான்.

அன்றைக்கு வள்ளி எதிர் வீட்டில் இருந்து இன்னும் இரண்டு யானை செய்துவிட்டு வந்திருந்தாள். இரண்டுக்கும் தும்பிக்கை கோணல். என்னிடம் காட்டவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றைப் பார்த்துக்கொண்டே, "ஸ்கூல்ல நான் இஞ்சி ரொட்டி செய்யறேன்" என்றாள்.

"ஜொரம்?"

"கேன்சல்."

கண்காட்சிக்கு மக்களே ஆன்ட்டிதான் கூடப் போவதாக ஏற்பாடு. நெருப்புப் பக்கம் பெரியவர் ஒருத்தர் நிற்கலாம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். ஆனால் அதற்கு முந்தின நாள் இறங்கிய பனிமூட்டம் எதிர் பிளாக்கையே மறைத்துவிட்டது. விமானம் ஒன்றும் கிளம்பவில்லை, சரக்கு மலையாகக் குவிந்து கிடந்தது, அவளை வீட்டுக்கு விடவில்லை. காலையில் போன் வந்தது.

"அக்கா, நீங்க போங்க."

"நானா? வேண்டாம்மா. நான் கெடுத்துருவேன்."

"ஒரு கை கைப்பிடில. இன்னொரு கை பின்னால. வேற ஒண்ணும் இல்ல, கேட்டேளா."

ரிக்‌ஷாவில் போகும்போது வள்ளி என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அம்மா, நீ தொட்டா நான் அப்படியே எந்திரிச்சு வெளிய போயிருவேன்."

"தொட மாட்டேன்."

"ப்ராமிஸ்?"

"முருகன் சத்தியம்."

நான் முருகன் மேல் சத்தியம் செய்ததை அவள் அதற்கு முன் கேட்டதில்லை. அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

வகுப்பில் மேசை மேசையாக ஒவ்வொரு பிள்ளை. எங்கள் மேசையில் ஓர் இன்டக்‌ஷன் அடுப்பு, சட்டி, தேன், ரொட்டித் தூள், பொடி டப்பாக்கள், தண்ணீர் டம்ளர், யானைக் கட்டை. வகுப்புப் பிள்ளைகள் கூட்டமாக வந்து நின்றார்கள். பின்னால் இருந்து ஒரு குரல், "மம்மி மேட் ஆ கயீ", வந்துவிட்டாளாம். சிரிப்பு. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றார், ஆனால் முன்பக்கமாக.

வள்ளி பேச ஆரம்பித்தாள். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்களுக்குச் சர்க்கரை அவ்வளவு கிடைக்காது, தேன்தான். மிச்சமான காய்ந்த ரொட்டியை வீணாக்க மாட்டார்கள். மிளகும் சுக்கும் எங்கள் பக்கத்துக் கடலில் இருந்து கப்பலில் போனது என்று இந்தியில் சொன்னாள். சொல்லிக்கொண்டே கிண்டினாள். நான் இடது கையால் கைப்பிடியைப் பிடித்திருந்தேன். வலது கை முதுகுக்குப் பின்னால் புடவையைக் கசக்கிக்கொண்டிருந்தது.

தேன் பொங்கி நுரை கட்டியது. வழித்து எடுத்தாள். ஒரு சொட்டு விட்டாள், கரைந்தது. அப்போது ஒரு பையன் குங்குமப்பூ என்ன விலை என்று கேட்டான், அவள் அவன் பக்கம் திரும்பிப் பதில் சொன்னாள். அந்த இடைவெளியில் பாகின் நிறம் மாறியதை நான் பார்த்தேன். மணமும் மாறியது. பதம் தாண்டிக்கொண்டிருந்தது. என் வாய்க்குள் 'இறக்கு' என்ற சொல் வந்து பல்லில் மோதி நின்றது. கைப்பிடியைக் கொஞ்சம் இழுத்தால் போதும், யாருக்கும் தெரியாது. முருகா, பிடிச்சுக்கோ.

வள்ளி திரும்பிச் சொட்டு விட்டாள். டங்.

எதிரே நின்ற டீச்சருக்கும் கேட்டது அந்தச் சத்தம். வள்ளி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் அசையவில்லை. என் முகத்தில் என்ன இருந்ததோ, பார்த்துவிட்டுக் குனிந்தாள். அடுப்பை அணைத்தாள். டம்ளருக்குள் விரலை விட்டு அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். அதே டம்ளரில் இருந்து ஒரு ஸ்பூன் தண்ணீர் எடுத்துப் பாகில் விட்டாள். சீறியது. பிள்ளைகள் பின்வாங்கினார்கள். திரும்ப அடுப்பைப் போட்டாள், சின்னதாக. "பைய, மக்களே, பைய" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிண்டினாள். நான் தண்ணீர் விடுகிற வித்தையை அவளுக்குச் சொன்னதே இல்லை. கல்லானால் போச்சு என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

இன்னொரு சொட்டு. அடியில் போய் உட்கார்ந்தது. உருட்டினாள். டீச்சரின் உள்ளங்கையில் வைத்தாள். மெத்தென்று இருந்திருக்கும், டீச்சர் அதை அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. பொடிகள், தூள், கிளறல், கட்டையில் நெய், அமுக்கல், தட்டல். யானை விழுந்தது. தும்பிக்கை வழக்கம்போலக் கட்டையில் நின்றுவிட்டது. கூட்டத்தில் ஒரு "அய்யோ". வள்ளி அதை நெம்பி எடுத்து, முகத்தில் வைத்து, ஒரு கிராம்பை எடுத்து ஆணி மாதிரி நடுவில் குத்தினாள். தும்பிக்கை மேல் பக்கமாக வளைந்து நின்றது.

மம்மி மேட் என்று கூப்பிட்ட அந்தக் குரலே, "எனக்கு ஒண்ணு தா" என்றது. அதற்குப் பிறகு வள்ளி பதினோரு யானை செய்தாள். பதினொன்றுக்கும் தும்பிக்கையில் கிராம்பு ஆணி. மணி அடித்தபோது எங்கள் மேசையில்தான் வரிசை நின்றது.

டீச்சர் டைரியை வாங்கிச் சிவப்பு மையில் எழுதினார். எழுதும்போது, "யார் கற்றுக்கொடுத்தது?" என்று கேட்டார்.

வள்ளி யோசித்தாள். "எதிர் வீட்டு மக்களே ஆன்ட்டி. கற்றுக்கொடுக்கலை. செய்ய விட்டாங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்கும் பனி விலகவில்லை. எதிர் வீட்டுப் பூட்டுச் சத்தம் கேட்டதும் வள்ளி தட்டோடு ஓடினாள், நான் பின்னாலேயே போனேன். இரண்டு நாள் வேலை பார்த்த கண், தோளில் மஞ்சள் கோட்டு, வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள் மக்களே ஆன்ட்டி. தட்டில் பன்னிரண்டாவது யானை, இவளுக்கென்று எடுத்து வைத்தது. பக்கத்தில் டைரி திறந்திருந்தது. 'தானே செய்தது' என்று இந்தியில், அடியில் இரண்டு கோடு.

அவள் படித்தாள். பழக்கத்தில் கை பின்னால் போனது.

"ஆன்ட்டி, கைய நீட்டுங்க" என்றாள் வள்ளி.

நீட்டினாள். இரண்டு கையும். வலது உள்ளங்கைக்கு அடியில் இடது உள்ளங்கையைத் தாங்கலாக வைத்து, நாங்கள் கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரியே. அவர்கள் சர்ச்சிலும் அப்பத்தை அப்படித்தான் வாங்குவார்கள் என்று பிறகு சொன்னாள். வள்ளி யானையை அந்தக் கையில் வைத்தாள். நேராக்க அந்த விரல்களுக்கு எவ்வளவோ இருந்தது. ஒரு விரலும் அசையவில்லை.

"கிராம்பப் பாத்துக் கடிங்க" என்றாள் வள்ளி.

அவள் தும்பிக்கையைத்தான் முதலில் கடித்தாள். கண்ணை மூடி மென்றாள். நான் வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் கவனித்தேன், யாரும் சொல்லாமலே என் இரண்டு கையும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தன.